கெட்டி மேளத்தை நிறுத்தியவள்

மாப்பிள்ளையின் கையில் தாலி. என் மகள் கீர்த்தனா தலை குனிந்து மணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய சித்தப்பா தவில்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கியாயிற்று. அட்சதை பிடித்த கைகள் எல்லாம் மேலே போகின்றன.

அந்த நேரம் பார்த்து மலைப்பக்கத்திலிருந்து சங்கு ஊதியது.

கோயில் சங்கு இல்லை. அணைச் சங்கு. எங்கள் குடியிருப்புக்கு மேலே மலையில் ஒரு பழைய அணை இருக்கிறது. அதற்கு ஏதாவது ஆனால் கீழே இருக்கிற நாங்கள் ஓட வேண்டும் என்பதற்காகக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிற சைரன். அதைத்தான் எங்கள் வட்டாரத்தில் சங்கு என்போம்.

சித்தப்பா ஒரு கணம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "டெஸ்ட்தான்லா! மாசாமாசம் ஊதுறதுதானே! நீங்க அடிங்கண்ணே, கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று கத்தினார்.

அடித்தார்கள் பாருங்கள் ஓர் அடி! சங்கு இருந்த இடம் தெரியவில்லை. கெட்டி மேளம் என்பதே அதற்குத்தானே? தாலி ஏறுகிற நேரத்தில் தும்மலோ அழுகையோ, வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது. அன்றைக்கு அந்த மேளம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது டெஸ்ட். எனக்கு மட்டும்தான் தெரியும், அன்றைக்கு டெஸ்ட் கிடையாது என்று. ஏனென்றால் அந்த டெஸ்ட்டை வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்ததே நான்தான்.

தலைக்கு மேலே தண்ணீர்

போன வாரம் இந்தப் பக்கத்தில், பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நான் லைன் லீடராக இருந்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அக்கா, இவ்வளவு அதட்டல் போடுறீங்களே, வீட்டிலயும் இப்படித்தானா?" வீட்டில் மட்டுமா, தாயே. மண்டபத்திலும்தான். அதற்குத்தான் இந்த வாரம்.

முதலில் அணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் அணை என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணைக் கொட்டி, இறுக்கி, மேலே புல் வளர்த்த அணை. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டி விட்ட பச்சைப் புல்வெளி ஒன்று சரிவாக நிற்கிற மாதிரிதான் இருக்கும். காலையில் சீனக் கிழவர்கள் அதன் மேல் கைவீசி நடப்பார்கள். காதல் ஜோடிகள் சாயங்காலம் போவார்கள். நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போவோம். அதற்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதற்குக் கீழேதான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது என்று யாரும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு கூட்டம். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, அணையைப் பார்த்துக்கொள்கிற இலாகாவிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து படம் காட்டினார். வயதான அணை. உள்ளே போகிற குழாய் பழசு. அடியில் ஈரம் கசிகிறது. உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் ஆகவே ஆகாது என்றும் சொல்ல முடியாது. இதைத்தான் அவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

பிறகு வண்ணம் போட்ட ஒரு வரைபடம் காட்டினார். தண்ணீர் வந்தால் எங்கெங்கே போகும் என்று. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. எங்கள் புளோக் நல்ல கரும்சிவப்பில் இருந்தது.

"எவ்வளவு நேரத்துல வரும்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். எங்கள் புளோக்குக்குக் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் காதர் அண்ணன் குறுக்கே புகுந்து, "தம்பி, எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. ஒரு ஆளு ரொட்டி சானாய் ஆர்டர் பண்ணி, தின்னு முடிச்சு, கை கழுவுற நேரம் இருக்குமா?" என்றார்.

எஞ்சினியர் யோசித்துவிட்டு, "கை கழுவ நேரமிருக்காது" என்றார்.

உடனே எழுந்தவர் மூன்றாம் மாடி ஆறுமுகம். "அப்படி மேட்டுக்கு ஓடினா, அங்க காடி பார்க்கிங் குடுப்பீங்களா?" என்று தன் காருக்கு இடம் கேட்டார். எங்கள் ஆட்களை என்னதான் செய்வது!

மஞ்சள் சட்டை

கூட்ட முடிவில் ஒவ்வொரு புளோக்குக்கும் ஆள் பொறுப்பு வேண்டும் என்றார்கள். சங்கு ஊதினால் கதவு தட்டி எல்லோரையும் வெளியேற்றி, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத் திடலுக்குக் கூட்டிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் சும்மா இல்லாமல், "எங்க வீட்டம்மா ராஜி ஃபேக்டரியில ஃபயர் டிரில் நடத்துனவ" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். எனக்கு ஒரு மஞ்சள் சட்டை, காதர் அண்ணனுக்கு ஒரு மஞ்சள் சட்டை. ஆளுக்கொரு கை ஒலிபெருக்கி.

முதல் ஒத்திகை இருக்கிறதே, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சங்கு ஊதியது. நான் கதவு கதவாகத் தட்டினேன். ஒருத்தி சோறு வடித்துவிட்டு வருகிறேன் என்றாள். ஒருவர் குளியலறையிலிருந்து, "தண்ணி வருதுன்னு சொல்றீங்க, இங்க பைப்புல தண்ணியே வரல" என்றார். இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர் காதர் அண்ணன் கடையைத் தாண்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து தே தாரிக் சொல்லிவிட்டார்கள். அண்ணனும் மஞ்சள் சட்டையோடு தேநீர் இழுத்துக்கொண்டிருக்கிறார்!

"என்னண்ணே இது?" என்று கத்தினேன்.

"தங்கச்சி, உசுரு முக்கியந்தான். வந்த கஸ்டமரும் முக்கியம்லா" என்றார்.

திடலுக்குப் போய்ச் சேர்ந்தது நானும் இன்னும் கொஞ்சம் பேரும்தான். அதன் பிறகு மாதாமாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். முதல் மாதம் குழந்தைகள் அழுதன. மூன்றாம் மாதம் நாய்கள் மட்டும் ஊளையிட்டன. அதற்கப்புறம் நாய்களுக்கும் பழகிவிட்டது. அந்தச் சத்தத்தை வைத்து உலை வைக்கிறவர்கள்கூட எங்கள் புளோக்கில் இருந்தார்கள்.

எனக்கு எரிச்சலாக இருக்கும். ஃபேக்டரியில் மணி அடித்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு நடப்போம். இங்கே மணி அடித்தால் இன்னொரு தோசை ஊற்றுவார்கள். "மாசாமாசம் ஊதுது, மாசாமாசம் ஒண்ணும் வரலயே அக்கா" என்பார்கள். வந்தால் சொல்ல நீ இருப்பாயா என்று திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள்.

சகுனம் பார்க்கும் சம்பந்தி

இதற்கிடையில் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை தினேஷ், அவள் வேலை செய்கிற இடத்திலேயே வேலை. தங்கமான பிள்ளை. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் வீடு. சிறு வயதிலேயே தாயை இழந்தவர். அவரையும் தங்கை ஷாலினியையும் வளர்த்தது அவருடைய அத்தை பாக்கியம்மாள்.

பாக்கியம்மாள் நல்லவர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் மனுஷியை அசைக்க முடியாது. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் காற்றாடியைப் போட்டோம். அது குத்துவிளக்கை அணைத்துவிட்டது. காற்றாடி போட்டால் விளக்கு அணையும், இதில் என்ன இருக்கிறது? பாக்கியம்மாளுக்கு இருந்தது. "இன்னிக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். தட்டு மாற்றாமலே போய்விட்டார்கள். அரை வருஷம் தள்ளிப்போனது. அந்த அரை வருஷமும் என் மகள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் போனை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி பேசி, நிச்சயம் முடித்து, தீபாவளி கழிந்த முதல் முகூர்த்தத்தில் நாள் குறித்தார்கள். பாக்கியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்மந்தி, இன்னொரு தடவ ஏதாவது தடங்கல் வந்துச்சுன்னா கல்யாணமே வேணாம்னுடுவேன், அப்புறம் மனச மாத்திக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நாள்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை. அந்த மாதச் சங்கு டெஸ்ட்டும் அன்றைக்குத்தான், முகூர்த்த நேரமும் சங்கு ஊதுகிற நேரமும் ஒன்று.

ஐயோ! மண்டபம் எது? ஓடைக்கரை மாரியம்மன் கோயில் மண்டபம். சங்குக் கம்பத்துக்கு நேர் கீழே.

ஒரு போன்

இலாகாவுக்குப் போன் போட்டேன். சங்குக்குப் பொறுப்பான மலாய்க்கார அதிகாரி எடுத்தார். என் மகள் கல்யாணம், அந்தச் சனிக்கிழமை மட்டும் ஊத வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன்.

அவர் சிரித்துவிட்டார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களாம். "பாய்க்லா, புவான். ஹாரி இத்து தாடா உஜியான்" என்றார். அதாவது, சரி அம்மா, அன்றைக்குச் சோதனை கிடையாது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரசாங்கச் சங்கையே நிறுத்தி வைத்தவள் நான்! ஆனால் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பாக்கியம்மாள் காதுக்குப் போகும். சங்கு என்ற பேச்சே கல்யாண வீட்டில் வேண்டாம் என்று காதர் அண்ணனிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

"நீ பொண்ணு கல்யாணத்தப் பாரு தங்கச்சி. அன்னிக்கு அணைய நான் பாத்துக்கிறேன்" என்றார். ஏதோ அணை அவர் கடை அடுப்பில் கொதிக்கிற சால்னா மாதிரி.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முழுக்க மழை. விட்டு விட்டுப் பெய்கிற மழை இல்லை. விடாத மழை. மண்டபத்துக்குப் பக்கத்து ஓடை காப்பி நிறத்தில் ஓடியது. கல்யாணத்தன்று காலையில் மட்டும் மழை நின்றது. "பாத்தீங்களா, நல்ல சகுனம்" என்றார் பாக்கியம்மாள். எனக்கு உயிர் வந்தது.

மேளம் நிற்கவில்லை

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம். சங்கு ஊதுகிறது, மேளம் முழங்குகிறது, நான் மணமேடைக்குக் கீழே நிற்கிறேன்.

பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அதிகாரி சொன்ன வார்த்தையை மறந்துவிட்டாரா? அல்லது அவர் லீவில் போய், வேறு யாரோ பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார்களா? அவர் மறந்திருந்து நான் மேளத்தை நிறுத்தினால், என் மகள் வாழ்க்கை போச்சு. அவர் மறக்காமல் இருந்து நான் நிறுத்தாவிட்டால், மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் வாழ்க்கையும் போச்சு.

ஃபேக்டரியில் எங்களுக்கு ஒரு வழக்கம். லைனில் சந்தேகம் வந்தால் முதலில் லைனை நிறுத்து, அப்புறம் பேசு. நிறுத்தியதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். நிறுத்தாததற்காக ஒருத்தி விரல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தினேஷ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டார். மீதி முடிச்சுகளை நாத்தனார் போடுவது அவர்கள் வழக்கம். ஷாலினி குனிகிறாள். நான் தவில்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? பெண்ணைப் பெற்றவள் சந்தோஷத்தில் இன்னும் பலமாக அடிக்கச் சொல்கிறாள் என்று! தலையை ஆட்டிக்கொண்டு வெளுத்து வாங்கினார். நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்கிற மாதிரி ஊதினார். நான் "போதும்!" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்து, நான் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வேறு வழியில்லை. தாவிப்போய் தவில் தோலின் மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். கோல் என் விரல் முட்டியில் விழுந்தது. தவில் நின்றது. நாதஸ்வரம் பாதி ராகத்தில் கீச்சிட்டு நின்றது.

மண்டபமே என்னைப் பார்த்தது. அட்சதை தலையிலும் தோளிலுமாக, வாயைப் பிளந்துகொண்டு. அந்த அமைதியில் சங்குச் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இது டெஸ்ட் இல்ல!" என்றேன். "இன்னிக்கு டெஸ்ட் வேணாம்னு ஆபீசுல சொல்லி நிறுத்தி வச்சதே நான்தான். இது நெசம். எல்லாரும் எந்திரிங்க. பள்ளிக்கூடத் திடலுக்குப் போகணும்."

ஒருவரும் அசையவில்லை. பாக்கியம்மாள் எழுந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கட்டுற தாலிய பாதியில நிறுத்துற அம்மாவ நான் எங்கயும் பாத்ததில்ல. என்ன சம்மந்தி, எங்கள கேவலப்படுத்தணும்னே செஞ்சீங்களா?"

மகளைப் பார்த்தேன். ஒரு முடிச்சோடு தொங்குகிற தாலியைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர். "அம்மா, நெசமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்லும்போது எனக்கு முழு நிச்சயம் இல்லை.

வடை

அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கூடப் பக்கத்திலிருந்து ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மஞ்சள் சட்டை. தலையில் பன்னீர்த் துளிகள். நெற்றியில் யாரோ பாசத்தோடு வைத்த சந்தனம். ஒரு கையில் ஒலிபெருக்கி, மறு கையில் மெதுவடை. காதர் அண்ணன்!

"என்ன தங்கச்சி இது அநியாயம்! அப்பவே வந்து வாசல்ல நின்னு தொண்ட கிழியக் கத்துறேன். மேளச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. வாங்க பாய், வாங்க பாய்னு பன்னீர் தெளிச்சு, பந்தியில உக்கார வச்சு எனக்கு வடை குடுக்கிறாங்க!"

"அண்ணே, நெசமா?" என்றேன்.

"நெசந்தான்லா! ஆபீசுலேருந்து மெசேஜ் வந்துருச்சு. அணையில ஒரு பக்கம் மண்ணு சரியுது. பாரம் கொறையட்டும்னு தண்ணிய தொறந்து விடப்போறாங்க. ஓடும்மா!"

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அணை சரிகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நல்லவேளை என்ற நிம்மதி. என்ன புத்தியோ!

செருப்பு

நாற்காலிகள் சரிந்தன. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஏன்? செருப்புத் தேட!

கோயில் மண்டபம் அல்லவா? அத்தனை பேரும் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒரு குவியலாகக் கிடந்தன. அணை உடைகிறதாம், இவர்கள் குனிந்து ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இது என்னோடது இல்ல", "அந்தக் கறுப்பு சப்பாத்த எடு", "ஒத்தக் கால்தான் இருக்கு". பின்னால் வந்தவர்கள் வெளியே போக முடியாமல் முட்டிக்கொண்டு நின்றார்கள். எந்த எஞ்சினியரின் வரைபடத்திலும் இந்த அடைப்பு இல்லை.

காதர் அண்ணனிடமிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "செருப்பத் தொட்டவங்களுக்கு மொய் திருப்பிக் குடுத்துருவேன்! வெறுங்காலோட நடங்க!" என்று அலறினேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ, வேலை செய்தது. கூட்டம் நகர்ந்தது.

ஒருவர் மட்டும் நகரவில்லை. பாக்கியம்மாள். அவருடைய செருப்பு புதிது. தங்க நிறம், கல் பதித்தது, இந்தக் கல்யாணத்துக்கென்றே வாங்கியது. "ஒண்ணு கெடச்சிருச்சு, இன்னொண்ணு இங்கதான் கெடக்கும்" என்று குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். எல்லாம் பாழாகிப்போன கோபத்தில் அதையாவது விடக்கூடாது என்று இருந்தாரோ என்னவோ.

கையைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க! நீங்க தொட்டுக் கெடுத்தது போதும்!" என்று உதறினார். நான் விடவில்லை. சம்பந்தி என்றும் பார்க்காமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். கையில் இருந்த ஒற்றைச் செருப்பும் வாசலிலேயே விழுந்தது. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டட்டும், திட்டுகிறவர் நடந்துகொண்டிருக்கிறார் அல்லவா?

மேட்டுக்குப் போன ஊர்வலம்

பினாங்குத் தமிழர்களுக்கு மலையேறச் சொல்லித்தர வேண்டாம். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறுகிற கால்கள். வெறுங்காலோடு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிழவிகளைத் தாங்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏறினார்கள். தவில்காரர் தவிலைச் சுமந்துகொண்டு வந்தார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும். கீர்த்தனா தாலியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

எங்கள் அடுக்குமாடியைத் தாண்டினோம். அங்கே நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

சங்கு அவ்வளவு நேரமாக ஊதிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் இறங்கவில்லை. சனிக்கிழமைதானே, டெஸ்ட்தானே. உலை கொதிக்கிறது, டிவி ஓடுகிறது. அப்போது யாரோ ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், ராஜி அக்கா பொண்ணு கல்யாணத்த நிறுத்திட்டு ஓடுறாங்கடி!"

மேலே ஒரு ஜன்னல் திறந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாம் மாடியிலிருந்து ஆறுமுகத்தின் குரல் கேட்டது. "கல்யாணத்தையே நிறுத்திட்டாங்கன்னா நெசந்தான்லா! எறங்குங்க, எறங்குங்க!"

படிகளில் கால்கள் தடதடவென்று இறங்கின. அடுப்பை அணைத்தார்களோ என்னவோ, எல்லோரும் வந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர், கைலியோடு, துண்டோடு, கையில் பூனையோடு. நான் கதவு தட்டி, தொண்டை வறளக் கெஞ்சியபோதெல்லாம் வராத ஜனம். ஆறுமுகம் காடியைத் தேடாமல் நடந்தே வந்தார்.

திடலில்

திடலின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே கோயில் மண்டபக் கூரை தெரியும். வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஓடையின் சத்தம் மாறியது. கனமான சத்தம். பழுப்பு நிறத் தண்ணீர் வளைவில் திரும்பி, கரையைத் தாண்டி, மண்டப வாசலுக்குள் புகுந்தது. வாழைமரத் தோரணம் சாய்ந்தது. நிறுத்தி வைத்திருந்த காடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. வாசலில் கிடந்த செருப்பு அத்தனையும் ஒரே வீச்சில் மிதந்து கிளம்பின.

தங்க நிறத்தில் ஏதோ ஒன்று ஒரு முறை மினுங்கியதாகச் சிலர் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. என் கண் முழுக்கத் தண்ணீர்.

அணை உடையவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைத் திறந்து விட்டதால் பாரம் குறைந்து, சரிந்த மண்ணோடு நின்றுகொண்டது. திறந்து விட்ட தண்ணீர்தான் கீழே இடுப்பளவு ஏறியது. முழுசாக உடைந்திருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பாக்கியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். வெறுங்கால் முழுக்கச் சேறு. கீழே மண்டப வாசலைக் காட்டினார்.

"சம்மந்தி, அந்த செருப்பு கெடந்த எடத்துலதானே நான் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவு நேரம் திட்டியவர் என் கையை எடுத்துப் பார்த்தார். தவில் கோல் பட்ட முட்டி வீங்கியிருந்தது. தன் முந்தானையை ஈரப்படுத்தி அதில் ஒற்றினார். அப்புறம் திரும்பி, "ஷாலினி, இங்க வா. நேரம் இன்னும் முடியல. மிச்ச முடிச்சப் போடு" என்றார்.

ஒன்றுகூடும் இடம் என்று மலாயில் எழுதிய பச்சைப் பலகைக்குக் கீழே கீர்த்தனாவும் தினேஷும் நின்றார்கள். ஷாலினி பின்னால் போய் தாலிக் கயிற்றைப் பிடித்தாள். மலையில் சங்கு இன்னும் ஓயவில்லை. தவில்காரர் தவிலை மாட்டிக்கொண்டு, கோலைத் தூக்காமல் என்னைப் பார்த்தார். பாவம், என்னிடம் அனுமதி கேட்டார்.

"இப்ப அடிங்கண்ணே!" என்றேன்.

அடித்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கெட்டி மேளம் நான் கேட்டதில்லை. எங்கள் புளோக் ஆட்கள், கல்யாணத்துக்கு அழைக்காதவர்கள்கூட, அட்சதைக்குப் பதிலாகப் புல்லைப் பிய்த்துத் தூவினார்கள். விரதம் இருந்த பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காதர் அண்ணன் தன் கையில் அது வரை பத்திரமாக இருந்த மெதுவடையைப் பிட்டுக் கொடுத்தார். அதுதான் எங்கள் வீட்டுக் கல்யாண விருந்து.

போன சனிக்கிழமை

அணையை இப்போது பழுது பார்த்திருக்கிறார்கள். தண்ணீரை முன்பு போல நிரப்புவதில்லை. ஆனாலும் கிழட்டு அணைதான், நாங்கள் அதே கரும்சிவப்பில்தான் இருக்கிறோம். மாதாமாதம் டெஸ்ட் உண்டு.

வெள்ளம் வந்த அடுத்த மாதம் டெஸ்ட்டுக்குத் திடல் நிரம்பி வழிந்தது. அதற்கடுத்த மாதம் பாதி. பிறகு மறுபடியும் உலை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன சனிக்கிழமை சங்கு ஊதியபோது மஞ்சள் சட்டையோடு நானும் காதர் அண்ணனும் ஒரு சீனக் கிழவரும் அவருடைய நாயும்தான் நின்றோம். எனக்கு அழுகை வராத குறை. இன்னொரு தடவை நிறுத்திக் காட்ட எனக்கு இன்னொரு மகள் இல்லையே.

அப்போது பாதையில் ஓர் உருவம் ஏறி வந்தது. மூச்சிரைக்க, ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு. பாக்கியம்மாள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பாலம் தாண்டி வந்துவிடுகிறார். வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அன்றைக்குப் போலவே மண்டப வாசலிலிருந்து வெறுங்காலோடு நடக்க ஆரம்பிக்கிறார்.

"ஏன் சம்மந்தி, டெஸ்ட்தானே, இதுக்குப் போய் பட்டர்வொர்த்லேருந்து வரணுமா?" என்றேன்.

"டெஸ்டா இல்லயான்னு மேல வந்தாத்தானே தெரியும்" என்றார்.

பிறகு திடலைச் சுற்றிப் பார்த்தார். ஆள் குறைந்திருப்பது அவருக்கும் தெரிந்தது. பச்சைப் பலகைக்குக் கீழே போய் நின்றுகொண்டு, கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.